வேதாசலம் என்னும் மாணவரின் புத்தக அலமாரி

பதிவு சற்று நீளமானது. ஆய்வு மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற மாதம் ஸ்ரீவராகத்திலேயே ஒரு மாடி அறையிலிருந்து இன்னொரு மாடி அறைக்குக் குடிபெயர்ந்தேன். துணிமணிகள் ஒரு பெட்டியில் அடங்கிவிட்டன. புத்தகங்களுக்குப் பதினேழு அட்டைப் பெட்டிகள் வேண்டியிருந்தன. கோயில் குளத்தின் ஈரக்காற்றும் ஆண்டுக்கு இரு முறை வரும் மழையும் இந்தப் பகுதியில் புத்தகத்தைச் சும்மா விடுவதில்லை. இராமபாணப் பூச்சி அரித்தவற்றைத் தனியே எடுத்து வைத்தபின், மிஞ்சியவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்தேன். ஆய்வுக்கு வேண்டியவை ஒன்று. இளைய மாணவர்களுக்குக் கொடுக்கக்கூடியவை ஒன்று. பழைய தாள் கடைக்குப் போக வேண்டியவை மூன்றாவது.

மூன்றாவது குவியலில் இருந்தவை, பள்ளிப் பருவத்தில் பேருந்து நிலையங்களில் வாங்கிய ராஜேஷ்குமாரின் குற்ற நாவல்கள், அம்மா வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து வைத்த தொடர்கதைகள், முதுகலைத் தேர்வுக்கு வாங்கிய வினா விடைப் புத்தகங்கள். கால்டுவெல்லும் தொல்காப்பிய உரைகளும் வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவும் இருக்கும் அறையில் இவை எதற்கு என்று தோன்றியது. வெளிப்படையாகச் சொன்னால், அது வெட்கம்.

அந்தக் குவியல் இன்னும் கடைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் ஆய்வேட்டின் ஓர் இயல் மறைமலையடிகளின் நூல்களைப் பற்றியது. முற்பதிப்பில் அவர் எழுதிய வடசொற்களைப் பிற்பதிப்பில் எவ்வாறு தமிழ்ச்சொற்களாக மாற்றினார் என்பதை ஒப்பிட்டு வருகிறேன். மொழியியல் மாணவருக்கு அது சொல் பற்றிய கேள்வி மட்டுமே. அறை மாற்றிய அலுப்பில் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த இரவில்தான் வேறொரு கேள்வி எழுந்தது. அடிகளாவதற்கு முன், வேதாசலம் என்ற பெயரோடு ஓர் இளைஞர் இருந்தாரே, அவர் எதைப் படித்தார்? எங்கிருந்து வாங்கினார்?

வேதாசலம் 1876-ஆம் ஆண்டு ஜூலையில் நாகப்பட்டினத்தில் பிறந்தார். அதே ஆண்டின் பிப்ரவரியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தார். இரண்டும் தற்செயல்தான். எனினும் தமிழ் மாணவர் ஒருவர் நூலைப் பெறும் முறை மாறிய காலத்தைக் குறித்துக்கொள்ள இந்த ஆண்டு வசதியாக இருக்கிறது. பிள்ளையவர்களிடம் பயின்ற உ. வே. சாமிநாதையரின் மாணவப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நூல் ஆசிரியரிடம் இருந்தது, அல்லது மடத்தில் இருந்தது. மாணவர் அதைக் கேட்டுப் பாடம் செய்ய வேண்டும், அல்லது ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். என்ன படிக்கலாம் என்பதை ஏறத்தாழ ஆசிரியரே முடிவு செய்தார். சேலம் இராமசுவாமி முதலியார் 1880-இல் கேட்கும் வரை, சீவக சிந்தாமணியைப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே சாமிநாதையருக்கு எழவில்லை என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. அவருடைய உழைப்பிலோ ஆர்வத்திலோ குறை இல்லை. அவரிருந்த வாசிப்பு வட்டத்தில் அந்த நூல் இல்லை, அவ்வளவுதான்.

வேதாசலத்தின் வயதை அச்சேறிய நூல்களின் ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தேன். சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் 1887-இல் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 11. பத்துப்பாட்டு 1889, வயது 13. மனோன்மணீயம் 1891, வயது 15. சிலப்பதிகாரம் 1892, வயது 16. புறநானூறு 1894, வயது 18. ஆக, பழந்தமிழ் நூல்களை மாணவப் பருவத்திலேயே அச்சுப் புத்தகமாகக் கையில் வைத்துப் படிக்க வாய்த்த முதல் தலைமுறை அவருடையது. காசும் தேடும் கண்ணும் இருந்தால் போதும். ஆதீனத்தின் அனுமதி வேண்டியதில்லை.

இந்த மாற்றத்துக்கு அவர் அமர்ந்து பாடங்கேட்ட இடமே சான்று. தந்தை இறந்தபின் வெசுலியன் மிஷன் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்த வேதாசலத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் நாகை நாராயணசாமிப் பிள்ளை. புலவரான அவர் ஊரில் புத்தகக் கடை வைத்திருந்தார். பிள்ளையவர்களின் காலத்தில் ஆசிரியரின் வீடே பள்ளிக்கூடம் என்றால், இங்கே ஆசிரியரின் கடையும் பள்ளிக்கூடமாயிற்று. புத்தகக் கடையில் நூல்கள் பாடத்திட்ட வரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பதில்லை. திருக்குறளுக்குப் பக்கத்தில் அம்மானைப் பாட்டும் அதன் பக்கத்தில் சோதிட நூலும் கிடக்கும். கடையில் வளரும் மாணவர் தாமே தெரிந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறார். வாசிப்புச் சுவை என்று நாம் இன்று சொல்வது அந்தத் தெரிவிலிருந்துதான் பிறக்கிறது. வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கதையில் திருவனந்தபுரத்துக்கும் இடம் உண்டு. மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையும் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். அந்தத் தொடர்பின் வழியே, 1890-களின் நடுவில், இருபது வயதை ஒட்டிய வேதாசலம் இந்நகருக்கு வந்து சுந்தரம் பிள்ளையைக் கண்டார். மார்த்தாண்டன் தம்பி என்பவர் இங்கு நடத்திய ஆங்கிலப் பள்ளியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்தது. ஆனால் உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. சில மாதங்களுக்குள் ஊர் திரும்பிவிட்டார்.

தனித்தமிழ் வரலாற்றில் இந்தச் சில மாதங்கள் ஒரு வரியில் முடிந்துவிடும். வாசிப்பு வரலாற்றில் அவ்வளவு விரைவாகக் கடந்துபோக முடியாது. சுந்தரம் பிள்ளை மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தம் பேராசிரியரின் நினைவாக ஹார்விபுரம் என்று பெயரிட்டவர். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதைப்பாடலைத் தழுவித் தமிழ் நாடகம் செய்தவர். ஆங்கில நூலைப் படிப்பது தமிழுக்குப் பகையன்று, உரம் என்பதற்கு அவரே உயிருள்ள எடுத்துக்காட்டாக இருந்தார். 1897-இல் தமது 42-ஆம் வயதில் அவர் மறைந்தார். நாகப்பட்டினத்து இளைஞர் அவரைக் கண்டது அந்த வாழ்வின் கடைசி ஆண்டுகளில். அந்தச் சந்திப்பினால்தான் வேதாசலம் ஆங்கில நூல்களின் பக்கம் திரும்பினார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று வேண்டும். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவர் எழுதியவற்றைப் பார்த்தால், அவருடைய அலமாரியில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்பதை நாமே எண்ணிவிடலாம்.

வேதாசலம் 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1903-இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியும் 1906-இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியும் வந்தன. இவை 1889-இல் அச்சான பத்துப்பாட்டுப் புத்தகம் ஒரு வாசகரிடம் விளைவித்தவை. 1907-இல் காளிதாசரின் சாகுந்தலத்தை மொழிபெயர்த்தார். ஆகவே வடமொழி நூல்கள் இருந்தன. 1908-இல் ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசனைத் தழுவிச் சிந்தனைக் கட்டுரைகள் எழுதினார். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடை இருந்தது. 1911-இல் குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி வந்தது. இது ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸின் லைலா என்ற ஆங்கில நாவலின் தழுவல்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ரெயினால்ட்ஸ் யார்? இலண்டனில் மலிவுப் பதிப்புகளில் மர்மமும் காதலும் கலந்து எழுதிக் குவித்தவர். உயர் இலக்கியம் பேசிய ஆங்கிலேயர்கள் அவரை மதிக்கவில்லை. இந்தியாவிலோ அவருக்குப் பெருங்கூட்டமாக வாசகர்கள் இருந்தனர். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவரைப் போன்றோரின் நாவல்களைத் தழுவி எழுதியே புகழ் பெற்றார்கள். இத்தகைய நாவல்களைப் படிப்பது ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று அக்காலப் பெரியோர் பலர் கண்டித்தனர். அந்த விவாதத்தின் பின்னணியை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ விரிவாகக் காட்டுகிறது. அந்த ரெயினால்ட்ஸ்தான் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சி எழுதிய புலவரின் மேசையிலும் இருந்தார். இருவரும் ஒரே விளக்கொளியில் படிக்கப்பட்டவர்கள்.

பட்டியல் இதோடு முடியவில்லை. மரணத்தின்பின் மனிதர் நிலை, யோகநித்திரை அல்லது அறிதுயில், மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி, மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தல் எப்படி, தொலைவில் உணர்தல் ஆகியவை அவர் எழுதிய நூல்களின் பெயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் மேலைநாடுகளில் பரவியிருந்த அறிதுயிலியல், உளவியல், உணவு முறை, ஆவியுலக ஆராய்ச்சி ஆகிய துறைகளை ஆங்கில நூல்கள் வழியே அறியாமல் இவற்றை எழுதியிருக்க இயலாது. தம் நாட்குறிப்பைக்கூட அவர் ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

பாடப்புத்தகத்தில் நாம் கற்ற மறைமலையடிகள், 1916-இல் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட தனித்தமிழ்த் தந்தை. அது உண்மை. ஆனால் அந்த உருவத்தை மட்டும் கொண்டு அவருடைய அலமாரியை ஊகித்தால், அதில் சங்க நூல்களும் சைவ சாத்திரங்களும் மட்டுமே இருக்கும். உண்மையான அலமாரி அந்த ஊகத்தை மறுக்கிறது. தனித்தமிழ் என்பது பிறமொழி நூல்களை அறியாதவரின் ஒதுங்கல் அன்று. அவற்றை நிறையப் படித்த ஒருவர் எழுத்தில் மேற்கொண்ட தெரிவு. என் ஆய்வில் நான் எண்ணிக்கொண்டிருந்த சொல் மாற்றங்களுக்கு இப்போது வேறொரு பொருள் கிடைத்தது. பல மொழிகளில் படித்துக்கொண்டே ஒரு மொழியில் எழுதுவதற்கு எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதை அந்தத் திருத்தங்களில் காண்கிறேன்.

இந்த அலமாரியைப் பற்றி நாம் ஊகம் மட்டுமே செய்ய வேண்டிய நிலை இல்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. பல்லாவரத்தில் அவர் அமைத்த தம் நூல் தொகுப்புக்கு மணிமொழி நூல்நிலையம் என்று பெயரிட்டிருந்தார். தமக்குப்பின் அது பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று விருப்ப ஆவணமும் எழுதி வைத்தார். 1950-இல் அவர் மறைந்தார். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஏறத்தாழ 4,000 நூல்கள் கொண்ட அந்தத் தொகுப்பை அடிப்படையாக வைத்து 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தது. ஆய்வாளர்கள் பல தலைமுறையாக அங்கே அமர்ந்து படித்தார்கள். பின்னர் அது கன்னிமாரா நூலக வளாகத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்னும் இரண்டு தொகுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஒன்று எஸ். வையாபுரிப் பிள்ளையுடையது. அவரும் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். இளமையில் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகப் பத்தாண்டு உழைத்தபின், 1950-களில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இந்நகருக்கே திரும்பியவர். கால ஆராய்ச்சியில் சற்றும் நெகிழாத அவர் ‘ராஜி’ என்றொரு நாவலும் எழுதியிருக்கிறார். 1956-இல் அவர் மறைந்தபின் அவருடைய தொகுப்பு கொல்கத்தா தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. அவர் பாடம் சொன்ன ஊரில் இருக்கும் நான் அவருடைய புத்தகங்களைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டும். இருக்கட்டும். அவை ஒன்றாக இருக்கின்றன, அவர் பெயராலேயே இருக்கின்றன. தூரம் பெரிய இழப்பன்று.

மற்றொன்று கோட்டையூர் ரோஜா முத்தையாவுடையது. அவர் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கம் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களும் இதழ்களும் கொண்ட தொகுப்பாக வளர்ந்தது. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் தொடங்கியது. அவர் சேர்த்தவற்றில் பழந்தமிழ்ப் பதிப்புகளோடு பாட்டுப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் இருந்தன. அக்காலப் பேராசிரியர்கள் தங்கள் வீட்டில் வைக்க வெட்கப்பட்டிருக்கக்கூடியவற்றைத்தான் இன்று ஆய்வேடு எழுதும் நாம் வரிசையில் நின்று கேட்கிறோம்.

மூன்று தொகுப்புகளும் பிழைத்ததற்குக் காரணம், அவற்றின் உரிமையாளர்கள் ஏதோ ஒரு வகையில் பெயர் பெற்றவர்கள் என்பதும், யாரோ ஒருவர் தக்க நேரத்தில் தலையிட்டார் என்பதும். பெயர் பெறாத மாணவ வாசகரின் தொகுப்பு என்னாகும்?

விடையை நானே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பாளையத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு கையொப்பம், 1962 என்ற ஆண்டு, கல்லூரி வகுப்பின் பெயர். இரண்டு மாதம் கழித்து அதே கடையில் ஒரு மலையாள இலக்கண நூல்; அதே கையொப்பம். அடுத்த ஆண்டு வேறொரு கடையில் அட்டை கிழிந்த ஒரு துப்பறியும் நாவல். மீண்டும் அதே ஊதா மை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒரு மனிதர் தெரிந்தார். இருமொழி நகரத்தில் தமிழ் படித்து, அண்டை மொழியின் இலக்கணத்தையும் பார்த்து, இரவில் துப்பறியும் கதை படித்த ஓர் இளைஞர். அவருடைய பிற புத்தகங்கள் எந்தெந்த வீட்டில், எந்தெந்தக் கடையில் இருக்கின்றனவோ. ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேறு பிரதி எங்காவது கிடைக்கும். அவை ஒரே அலமாரியில் இருந்தன என்ற செய்திக்கு மறுபிரதி கிடையாது.

மொழியியல் மாணவர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் இருக்க வேண்டும். ஒரு சொல் எழுத்தில் முதன்முதலாக எங்கே வந்தது என்று தேடும்போது நாம் நல்ல நூல்களையே புரட்டுகிறோம். ஆனால் காவல் நிலையம், தொலைபேசி, வாடகைக் கார், தங்கும் விடுதி இவற்றைச் சுற்றிய பேச்சு வழக்கு உயர் இலக்கியத்தைவிட மலிவு நாவலில்தான் பெரும்பாலும் தாராளமாகப் பதிவாகும். அம்மா தைத்து வைத்த தொடர்கதைகளில் இன்று யாரும் வழங்காத துணி வகைகளின் பெயர்கள் மட்டும் முப்பதுக்கு மேல் எண்ணினேன். தாள் கடைக்குப் போயிருந்தால் அவை கிலோக் கணக்கில் போயிருக்கும்.

ஆகவே மூன்றாவது குவியலை அலமாரிக்கே திருப்பிவிட்டேன். ‘பள்ளிகொண்டபுரம்’, ‘கிருஷ்ணப் பருந்து’, ‘நினைவுப்பாதை’ என்று இந்த நகரத்து எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கும் தட்டுக்குக் கீழே குற்ற நாவல்கள் இருக்கின்றன. ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கெழுதத் தொடங்கியிருக்கிறேன். மொத்தம் 638 நூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு செய்திகள்: நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, வாங்கிய அல்லது பெற்ற இடம், நாள், விலை, முன்பு வைத்திருந்தவர் பற்றிய அடையாளம். நினைவில்லாத இடத்தைக் காலியாக விடுகிறேன். ஊகித்து நிரப்பினால் பின்னால் வருபவரை ஏமாற்றியதாகும். படித்து முடிக்காத நூல்களுக்கு எதிரே ஒரு புள்ளி. புள்ளிகள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம், அதையும் மறைக்கவில்லை.

கணக்கெழுதியதில் எனக்கே தெரியாத சில செய்திகள் தெரிந்தன. முதுகலை படித்த இரண்டாண்டில் நான் ஒரு கவிதை நூல்கூட வாங்கவில்லை. மொழியியல் நூல்களில் பாதிக்கு மேல் ஒளிநகல்கள். அவற்றைப் புத்தகம் என்று எண்ணுவதா என்று தயங்கி, பின்னர் எண்ணினேன். உ. வே. சா. காலத்து மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டதற்கும் நாம் ஒளிநகல் எடுத்துக்கொள்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இன்று மாணவர்களின் தொகுப்பில் பெரும்பகுதி கணினிக் கோப்புகளாக இருக்கிறது. கணினி பழுதானால் அதைத் தாள் கடைக்காரர்கூட எடுத்துச் செல்லமாட்டார். அதற்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அறையில் இருப்பதை எழுதி வையுங்கள். உங்களுக்குப் பெருமை தருவனவற்றை மட்டும் எழுதாதீர்கள். பழைய புத்தகம் வாங்கினால் முன்னவரின் பெயரை அழிக்காதீர்கள், அதன்மேல் தாள் ஒட்டாதீர்கள். பேராசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெறும் நாளில் உங்கள் நூல்களைத் துறை நூலகத்துக்குக் கொடுக்கும்போது, அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கலந்துவிடும் முன் முழுப் பட்டியல் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இடமில்லை என்று நூலகம் சொன்னாலும், பட்டியலுக்கு இருபது பக்கம்தான் வேண்டும்.

நாகப்பட்டினத்துக் கடையில் பாடங்கேட்ட அந்த மாணவர், பிற்காலத்தில் தாம் யாராவோம் என்று அறிந்து நூல் சேர்க்கத் தொடங்கியிருக்கமாட்டார். உங்கள் தொகுப்பில் நீங்கள் வெளியே சொல்லத் தயங்கும் நூல் எது என்பதைக் கீழே எழுதுங்கள். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன்.